‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்!

சிஸ்டர் மேரி 19 வயதில் ஆசிரியையாக வகுப்பறைக்குள் நுழைந்தவர். 84 வயதுவரை கற்பிக்கும் வேலையை அவர் முழுவதுமாக விடவில்லை. அமெரிக்காவில் ‘நோட்ரடாம் பள்ளிச் சகோதரிகள்’ என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சேர்ந்தவர். 101 வயதில் இறப்பதற்கு முன் வைத்த கடைசி நினைவாற்றல் சோதனையிலும் நல்ல மதிப்பெண் வாங்கினார். இறந்ததும், அவருடைய விருப்பப்படியே மூளை ஆய்வகத்துக்குப் போனது. எடை 870 கிராம்தான். வளர்ந்த மனிதர்களின் மூளை சாதாரணமாக 1,200 கிராமுக்கு மேல் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தபோது இன்னொரு வியப்பு. அல்சைமர் நோயாளிகளிடம் காணப்படும் புரதப் படிவுகளும் நார்ச் சிக்கல்களும் அந்த மூளையில் ஏராளமாக இருந்தன.

திசுவைப் பார்த்தால் அல்சைமர். ஆளைப் பார்த்தால் தெளிந்த சிந்தனையுள்ள ஆசிரியை. இது எப்படி?

முதுமையில் மூளைக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி உலகம் வைத்திருந்த பல எண்ணங்களை மாற்றியது இந்தக் கேள்வி. அதைத் தொடர்ந்து போனவர் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர். 1986-ல் மினசோட்டா மாநிலத்தில் தொடங்கிய அவருடைய ஆய்வில் பிறகு 678 கன்னியர் சேர்ந்தார்கள். எல்லோரும் 75 வயதைக் கடந்தவர்கள். ஆண்டுதோறும் சோதனைகளுக்கு உட்படவும், இறந்தபின் மூளையைத் தானமாகத் தரவும் ஒவ்வொருவரும் சம்மதித்தார்கள். மருத்துவ வரலாற்றில் இப்படியொரு கொடை அரிது.

கன்னியர் மடத்தை ஸ்னோடன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே கூரை, ஒரே சமையல், ஏறக்குறைய ஒரே மாதிரியான வேலை, ஒரே தரத்தில் மருத்துவம். புகைப்பழக்கம் இல்லை. குழந்தைப்பேறு இல்லை. வாழ்க்கை இவ்வளவு ஒத்திருந்தும் ஒருவர் 90 வயதில் பின்னல் போட்டுக்கொண்டே அரசியல் பேசுகிறார், இன்னொருவர் 78 வயதில் தன் பெயரையே தேடுகிறார் என்றால், வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஒரு விடை மடத்தின் பழைய அலமாரிகளில் இருந்தது. சபையில் சேரும்போது, 22 வயதையொட்டி, ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின் மொழியியலாளர் சூசன் கெம்ப்பர் அந்தக் கையெழுத்துப் பக்கங்களை வரிவரியாக ஆராய்ந்தார். சிலருடைய ஒரு வாக்கியத்தில் பல கருத்துகள் அடுக்கி வந்தன. சிலருடைய வாக்கியங்கள் ‘பிறந்தேன், படித்தேன்’ என்று மொட்டையாக நின்றன. 1996-ல் முடிவு வெளியானபோது, எழுதியவர்களில் 14 பேர் இறந்து அவர்களுடைய மூளை ஆராயப்பட்டிருந்தது. கருத்துச் செறிவு குறைவாக எழுதிய எல்லோருடைய மூளையிலும் அல்சைமர் தடயம் இருந்தது. செறிவாக எழுதியவர்களில் ஒருவரிடமும் இல்லை. எண்ணிக்கை சிறியது, அதை வைத்து எவருக்கும் ஜோசியம் சொல்ல முடியாது. ஆனாலும் இளமைக்கும் முதுமைக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது என்பதை மறுக்க முடியாமல் போயிற்று.

ஸ்காட்லாந்தில் அந்த நூல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1932 ஜூன் 1 அன்று, 1921-ல் பிறந்த பள்ளிக் குழந்தைகள் 87,498 பேருக்கு ஒரே நாளில் அறிவுத்திறன் தேர்வு வைத்தது அந்த நாடு. விடைப் பதிவேடுகள் தூசி படிந்து கிடந்தன. 1990-களின் பிற்பகுதியில் இயன் டியரி என்ற ஆய்வாளரின் குழு அவற்றைத் தேடி எடுத்து, உயிரோடு இருந்த முதியவர்களைக் கண்டுபிடித்து அதே தேர்வை மறுபடி வைத்தது. முதுமையில் மனிதர்களுக்குள் காணும் திறன் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் 11 வயதிலேயே இருந்தது. மீதிப் பாதிதான் நமக்கு முக்கியம். அது இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் உடம்புக்கும் மனசுக்கும் நடந்தவற்றைப் பொறுத்தது.

எது குறைகிறது, எது கூடுகிறது?

நாற்பதைக் கடந்தபின் மூளையின் அளவு மெல்லச் சுருங்குகிறது என்பது உண்மை. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும், திட்டமிடும் வேலையைச் செய்யும் மூளையின் முன்பகுதியும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுருங்குகின்றன. ஆனால் தினமும் ஆயிரக்கணக்கில் நரம்பு அணுக்கள் செத்து விழுகின்றன என்று பல காலம் நம்பியது தவறு. நோயில்லாத முதுமையில் பெரும்பாலான அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றின் கிளைகளும் இணைப்புகளுமே மெலிகின்றன. அதனால் வேகம் குறைகிறது. பெயர் நாக்கு நுனியில் நின்றுவிட்டுச் சற்று நேரம் கழித்து வருகிறது. டி.வி. ஓடும்போது யாராவது பேசினால் இரண்டையும் பிடிக்க முடிவதில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாயி என்ற ஆய்வாளர் 1956-ல் தொடங்கி, ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே மனிதர்களைச் சோதித்துவந்தார். குறிப்பிடத்தக்க சரிவு 60 வயதுக்கு முன் வருவது அரிது என்று அவர் கண்டார். சொல்வளமோ அறுபதுகளிலும் கூடிக்கொண்டிருக்கிறது. மனநலத்தில் அதைவிட எதிர்பாராத செய்தி உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது இது: உடல்நலம் ஓரளவு நன்றாக இருக்கும் முதியவர்களுக்கு, இளைஞர்களைவிடக் கோபமும் பதற்றமும் குறைவு. காலம் குறுகுவது தெரிவதால் அற்பச் சண்டைகளை விட்டுவிட்டு, பிரியமானவர்களின் பக்கம் மனம் திரும்புகிறது.

ஆக, முதுமை என்றாலே மறதியும் சிடுசிடுப்பும்தான் என்ற நம் எண்ணத்துக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. எப்போதும் கலகலப்பாக இருந்த அப்பா மூலையில் உட்கார்ந்துவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடுவதற்கு முன்பே ‘வயசானா அப்படித்தான்’ என்று கதவைச் சாத்திவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்தக் கதவைப் பற்றியது.

ரத்தக்குழாயில் இருக்கிறது சூட்சுமம்

மறுபடி கன்னியர் மடத்துக்கு வருவோம். ஸ்னோடனின் குழு 1997-ல் வெளியிட்ட இன்னொரு முடிவு, நம் ஊருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. மூளையில் அல்சைமர் தடயம் நிறைந்திருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். மூளையின் ஆழத்தில் ஓரிரு சிறு பக்கவாதத் தழும்புகள் இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு வாழும்போதே டிமென்ஷியா, அதாவது அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் சரியும் நிலை, இருந்தது. அப்படித் தழும்பு இல்லாதவர்களில் 57 சதவீதம் பேருக்கு மட்டுமே. கை கால் இழுக்காத, வந்ததே தெரியாத சிறு அடைப்புகள் அவை. புரதப் படிவைத் தாங்கிக்கொண்டிருந்த மூளையை அந்தச் சின்ன அடைப்பு கீழே தள்ளிவிடுகிறது.

சிறு அடைப்புக்குப் பெரிய காரணம் ரத்த அழுத்தம். பி.பி.யைக் குறைத்தால் டிமென்ஷியா குறையுமா என்ற கேள்விக்குச் சீனாவின் கிராமங்களிலிருந்து விடை வந்தது. 326 கிராமங்களில், கட்டுப்படாத ரத்த அழுத்தம் கொண்ட 33,995 பேர். பாதி கிராமங்களில், பெரிய பட்டம் இல்லாத கிராம மருத்துவர்களே விடாமல் பி.பி. பார்த்து, மாத்திரையைக் கூட்டிக் குறைத்து, 130/80-க்குக் கீழே கொண்டுவந்தார்கள். நான்கு ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது. முடிவுகள் 2025-ல் வெளியாயின. விலை உயர்ந்த ஊசி எதுவும் இதில் இல்லை. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் மாத்திரைகளும், வீடு தேடிப்போகும் ஓர் ஆளும்தான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்த மாத்திரை இதயத்துக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ‘இப்ப நல்லாத்தானே இருக்கேன்’ என்று பாதியில் நிறுத்துகிறார்கள். அதே மாத்திரை நினைவையும் காக்கிறது என்று வாசலில் நின்று சொல்ல வேண்டும். இது இந்தத் திட்டத்தின் பணியாளர்கள் ஒவ்வொருவரும் சொல்லத் தகுந்த செய்தி.

படிக்க விடாததன் விலை

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பெண்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்பது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. இன்று 70 வயதாகும் கிராமத்துப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் மாடு மேய்க்கவும் தம்பியைத் தூக்கவும் வைத்த காலத்தின் கணக்கும் அதில் இருக்கிறது. கல்வி மூளையில் ஓர் இருப்பைச் சேர்க்கிறது. விளைந்த காலத்தில் குதிரில் கொட்டிவைத்த நெல் பஞ்சத்தில் கைகொடுப்பதுபோல, பிற்காலத்தில் சேதம் வரும்போது அந்த இருப்பை வைத்து மூளை சமாளிக்கிறது. சிஸ்டர் மேரியின் புதிருக்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் முதன்மையானது இதுதான்.

பள்ளிக்குப் போகாதவர்களுக்கும் இருப்பு சேரும் என்பதற்கு ஹைதராபாத் ஆய்வு ஒரு சான்று. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் டிமென்ஷியா நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிடச் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாக நோய் தலைகாட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்தத் தாமதம் இருந்தது. 2013-ல் வந்த இந்த முடிவை மற்ற நாடுகளில் நடந்த எல்லா ஆய்வுகளும் உறுதிசெய்யவில்லை. இருந்தாலும் சந்தையிலும் வேலைத்தலத்திலும் தெலுங்கு, உருது, இந்தி என்று மாறி மாறிப் பேசிய வாழ்க்கை, மூளைக்கு ஒரு பயிற்சியாக இருந்திருக்கும் என்பது நம்பத் தகுந்ததே.

இளமையில் தவறியதைப் பின்னால் ஓரளவாவது ஈடுகட்டலாம். 55 முதல் 80 வயதுவரையிலான 120 பேரை வைத்து நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கு ஓராண்டில் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெரிதானது. கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது.

காது கேட்காத அப்பா

‘லான்செட்’ மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. இவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால், உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணிப்பு. பட்டியலில் சர்க்கரை, புகை, மது, உடற்பருமன், காற்று மாசு எல்லாம் உண்டு. தனி ஒரு காரணியாக மேலே நிற்பவை இரண்டு: நடுவயதில் கூடும் கெட்ட கொழுப்பும், கேட்கும் திறன் இழப்பும்.

காது மங்கினால் மூளைக்கு என்ன? வரும் ஒலி குறைகிறது. வந்த அரைகுறைச் சொற்களைப் பொருத்திப் பார்க்கவே மூளையின் சக்தி செலவாகிறது. பிறகு, ‘என்ன? என்ன?’ என்று கேட்டு அலுத்துப்போன மனிதர் பேச்சையே விட்டுவிடுகிறார். கல்யாண வீட்டில் ஓரமாக உட்காருகிறார். வீட்டில் எல்லோரும் அவரைத் தாண்டிப் பேசிக்கொள்கிறார்கள். 70 முதல் 84 வயதுவரையிலான 977 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், காது கருவி எல்லோருக்கும் பலன் தரவில்லை. ஆனால் இதயநோய் போன்ற ஆபத்துகள் அதிகமாக இருந்தவர்களிடம், மூன்றாண்டுகளில் அறிவாற்றல் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூச்சப்படாத நம் வீடுகளில் காது கருவி மட்டும் இன்னும் ஏன் அவமானமாக இருக்கிறது? ‘செவிடு’ என்ற ஏச்சுக்குப் பயந்து எத்தனை பேர் அதைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள்!

மருமகள் சோறு போடவில்லை

இயல்பான மறதிக்கும் நோய்க்கும் எல்லைக்கோடு எங்கே? பேரனின் தோழன் பெயர் மறந்துபோவது இயல்பு. நாற்பது வருடமாக வைத்த குழம்பில் எதற்குப்பின் எதைப் போடுவது என்று தடுமாறுவது இயல்பு அல்ல. தெருமுனைக் கடைக்குப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மூன்று முறை கேட்பது, பென்ஷன் பணத்தை எண்ணக் குழம்புவது, எல்லாம் டாக்டரிடம் போக வேண்டிய அடையாளங்கள்.

நம் குடும்பங்களில் இந்த நோய் பல நேரம் சண்டையின் வடிவில்தான் முதலில் வருகிறது. சற்று முன் சாப்பிட்டது மாமியாருக்கு நினைவில் பதியவில்லை. பார்க்க வந்த உறவினரிடம், ‘காலையிலிருந்து பட்டினி, மருமகள் சோறு போடவில்லை’ என்கிறார். தானே எங்கோ வைத்த சங்கிலியை வேலைக்காரப் பெண் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார். உறவினர் அதை நம்பி ஊருக்குச் சொல்கிறார். இரவெல்லாம் விழித்துக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துப் பராமரிக்கும் பெண்ணுக்குக் கெட்ட பெயர் மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் குற்றச்சாட்டு அந்த அம்மாளின் குணத்திலிருந்து வருவது அல்ல, பழுதான நினைவிலிருந்து வருவது. குடும்பத்துக்கு இதை ஒருமுறை விளக்கிச் சொன்னாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். பராமரிப்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் மாற்றாக நிற்க வேண்டும். மகன்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மறதியாகத் தெரிவதெல்லாம் டிமென்ஷியாவும் அல்ல. இங்கேதான் அதிகமான நஷ்டம் நடக்கிறது. பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, விழுந்து தலையில் பட்ட அடியால் மெல்ல மெல்லச் சேரும் ரத்தக்கட்டு, சில தூக்க மாத்திரைகள், சில அலர்ஜி மாத்திரைகள் எல்லாம் நினைவைக் குழப்பும். எளிய ரத்தப் பரிசோதனையிலும் ஒரு ஸ்கேனிலும் இவை தெரிந்துவிடும், பெரும்பாலும் சரிசெய்யலாம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறுகிறார், ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால் அது முதுமையும் அல்ல, மனநோயும் அல்ல. டெலிரியம் என்று டாக்டர்கள் சொல்லும் அவசர நிலை அது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர்ச்சத்து வற்றுதல், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான நாள்கள் என்று பல காரணங்கள் உண்டு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பேசாத சோகம்

இவற்றிலெல்லாம் நாம் மிக மோசமாகத் தவறவிடுவது மனச்சோர்வு. வயதானவர் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லமாட்டார். உடம்பெல்லாம் வலி என்பார், பசி இல்லை என்பார், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்பார். வாசலில் கோலம் போடுவதையும் பேப்பர் படிப்பதையும் விட்டுவிடுவார். ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது?’ என்ற பேச்சு வரும். அதைப் பக்குவம் என்றோ விரக்தி என்றோ எடுத்துக்கொண்டு கடந்துபோகிறோம். மனைவியையோ கணவரையோ இழந்தபிறகு, பிள்ளைகள் வெளிநாடு போனபிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு இது அதிகம் வரும். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவருக்கும் வரும். நாள் முழுக்க ஆள்கள் நடமாடும் வீட்டில் ஒருவரும் முகம் பார்த்துப் பேசாத தனிமை உண்டு.

மனச்சோர்வு கவனத்தைக் குலைப்பதால் மறதியும் சேர்ந்து வருகிறது. அப்போது டிமென்ஷியாபோலவே தெரியும். அனுபவமுள்ள மருத்துவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிப்பார்கள். மனச்சோர்வு உள்ளவர் ‘எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்கமாட்டேங்குது’ என்று தானே முறையிடுவார். டிமென்ஷியா உள்ளவர் தனக்கு ஒன்றுமில்லை என்பார், வீட்டிலுள்ளவர்களே முறையிடுவார்கள். இது முடிவான சோதனை அல்ல, ஒரு குறிப்பு. மனச்சோர்வுக்கு 75 வயதிலும் மருந்தும் ஆலோசனையும் பலன் தரும். அதைக் கவனிக்காமல் விட்டால் டிமென்ஷியாவுக்கும் அது ஒரு வழி திறந்துவிடும். லான்செட் பட்டியலில் மனச்சோர்வும் சமூகத் தனிமையும் தனித்தனியாகவே இடம்பெற்றிருக்கின்றன.

புதிய மருந்துகள் வராமல் இல்லை. 2023-ல் லெக்கானெமாப், 2024-ல் டோனானெமாப் என்ற ஊசிகளுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. படிவுகளை அகற்றும் இவை ஆரம்ப நிலை அல்சைமரின் வேகத்தைக் குறைக்கின்றன, நிறுத்துவதில்லை. லெக்கானெமாப் ஆய்வில் 18 மாதங்களில் சரிவு 27 சதவீதம் குறைந்தது. மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் பக்கவிளைவுகள். விலையும் கண்காணிப்பும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு எட்டாது.

தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6 சதவீதம் என்பது அரசுக் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாட்டிலேயே முன்னோடியாக, 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கிவைத்தவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இந்தப் பெருமை தலைநகரோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் முதியோர் நினைவாற்றல் சோதனை, காது சோதனை, மனநல ஆலோசனை மூன்றும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும்.

அதுவரை வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அம்மாவிடமோ அப்பாவிடமோ ஆறு மாதமாக ஏதாவது மாற்றம் தெரிகிறதா? அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பி.பி., சர்க்கரை, தைராய்டு, பி12, சோடியம், காது, கண் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மனச்சோர்வு இருக்குமோ என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ எண் 14416. முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் கட்டணம் இல்லாதவை, தமிழில் பேசலாம்.